விற்பதற்கு நாள் கிடைக்காத கார்

எங்கள் காரின் பானெட்டில் அம்மா மிளகாய் காய வைப்பாள். வெயில் நன்றாக அடிக்கிற நாளில் கூரைமேல் வடகமும் ஏறும். சாந்தோமில் எங்கள் வீட்டுக்கு மொட்டை மாடி இருக்கிறது, ஆனால் முறத்தைத் தூக்கிக்கொண்டு அத்தனை படி ஏற அம்மாவின் முழங்கால் சம்மதிப்பதில்லை. வாசலில் சும்மா நிற்கிற இரும்புக்கு ஒரு வேலை கொடுத்தால் என்ன தப்பு என்பது அவள் கட்சி. கீழே, சக்கரங்களுக்கு நடுவில், தெருப் பூனை வருஷம் தவறாமல் குட்டி போட்டது. பூக்காரம்மா தன் கூடையைப் பின்பக்க நிழலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். தெருவிலேயே எல்லோருக்கும் உபயோகமான கார் எங்களுடையதுதான். என்ன, ஓடாது.

அப்பா வாங்கும்போதே அது ஒருவர் ஓட்டிக் கழித்த வண்டி. கோபாலபுரத்தில் ஒரு டாக்டர் வீட்டு ஷெட்டிலிருந்து வந்தது. அப்பா அப்போது எங்கள் மாதா கோயில் பள்ளியில் சரித்திர வாத்தியார். வண்டி வந்த அன்று ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். உள்ளே ஜெபமாலை தொங்கியது. வெளியே எலுமிச்சையும் பச்சை மிளகாயும் தொங்கின, அது அம்மாவின் உபயம். கண் திருஷ்டி என்பது மதம் பார்த்து வருவதில்லை என்று அவள் சொன்னபோது ஃபாதரே சிரித்துவிட்டார்.

அதன்பிறகு பல வருஷம் எங்கள் தெருவில் யாருக்காவது வலி எடுத்தால் முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பெண்ணழைப்பா, ஞானஸ்நானமா, ஊரிலிருந்து வருகிறவர்களை எழும்பூரில் போய்க் கூட்டிவர வேண்டுமா, எல்லாவற்றுக்கும் சார் கார்தான். அப்பா ஒருவரிடமும் பெட்ரோலுக்கு வாங்கியதில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் ஓட்டுவதற்கு ஒரு காரணம்.

அப்புறம் கண்ணில் அழுத்தம் வந்தது. கண் ஆஸ்பத்திரியில் ஒரு வட்டத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, எங்கே புள்ளி மின்னினாலும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அப்பா மும்முரமாக அழுத்தினார், பரீட்சையில் தேறிவிட்ட முகத்தோடு வெளியே வந்தார். டாக்டரம்மா படத்தைக் காட்டினார். இடது பக்கத்தில் பெரிய கறுப்புத் திட்டு. "ஓரப் பார்வை போனது போனதுதான் சார். இருக்கறதக் காப்பாத்திக்கலாம். டிரைவிங் அவாய்ட் பண்ணிடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா எங்களுக்குப் பாடம் எடுத்தார். "அவாய்ட் பண்ணுங்கன்னுதான் சொன்னாங்க. ஓட்டவே கூடாதுன்னு சொல்லல. ஏதோ நைட்ல, மழையில ஓட்ட வேணாம்னு அர்த்தம்."

இப்படிப்பட்ட மனுஷரிடமிருந்து என்னைக் காப்பாற்றியது அந்தக் காரேதான். பேட்டரி உட்கார்ந்துவிட்டது. மழை வந்தது, பிறகு அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், பிறகு அம்மாவுக்கு முழங்கால். வண்டி வாசலிலேயே நின்றது. டயர்கள் தரையோடு தரையாகப் படுத்தன. உப்புக் காற்று கதவின் அடிப்பகுதியைத் தின்ன ஆரம்பித்தது. ஆழ்வார்பேட்டையில் இருக்கிற என் ஆபீசுக்குக் கிளம்பும்போது தினமும் அந்த டயர்களைப் பார்ப்பேன். மனசுக்கு அவ்வளவு நிம்மதியாக இருக்கும். ஓடாத கார் யாரையும் இடிக்காது.

ஆனால் அப்படியே விட்டுவிடவும் முடியவில்லை. தெருவில் கேட்பாரற்று நிற்கிற வண்டிகளை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ரிப்பேர் பண்ணுவதா, விற்பதா? ரிப்பேர் பண்ணினால் அப்பா ஓட்டுவார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விற்றால் இனி நீங்கள் ஓட்டவே முடியாது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னதாகிவிடும். இரண்டில் விற்பதே மேல் என்று நான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, மந்தைவெளியில் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். ஓடாத வண்டியையே அப்படியே தள்ளிவிட்டுவிட முடியுமா என்று கேட்கத்தான்.

அவர் பானெட்டைத் திறந்தார். மிளகாய் விதைகள் உள்ளே கொட்டின.

"இன்னாம்மா இது, குழம்பு வெக்கறீங்களா?" என்றவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எலி குடும்பம் நட்த்திக்கினு கீது. வயர்லாம் காலி."

"இப்படியே வித்துடலாமா?"

"வித்துடலாம். புதுப்பேட்டைக்குப் போவும், ஒட்ச்சி எட்த்துப்பாங்க. எவனாவது ஓட்றதுக்கு வாங்கணும்னா வண்டி ஓடணும்ல?"

உடைப்பது என்ற வார்த்தை காதில் விழுந்ததும் வாசற்படியில் நின்றிருந்த அப்பா உள்ளே போய்விட்டார். மத்தியானம் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லையாம். ஆக, உடைக்கக் கொடுக்க முடியாது. ஓட்டுகிறவரிடம் விற்க வேண்டும், அதற்கு வண்டி ஓட வேண்டும், ஓடினால் அப்பா ஓட்டுவார். செக்குமாடு மாதிரி நான் இதையே சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில், ரிப்பேரைத் தானே செய்துகொள்ளத் தயாராக இருக்கிற ஆளாகத் தேடிப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்ததில் ஆட்களும் வரத்தான் செய்தார்கள்.

எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு காலண்டர்கள் உண்டு. ஒன்று கோயிலில் தருவது, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புனிதர் பெயர் போட்டிருக்கும். இன்னொன்று மளிகைக் கடையில் தருவது, ராகு காலம், எமகண்டம், கௌரி நல்ல நேரம் எல்லாம் போட்டிருக்கும். இரண்டாவதை அதுவரை அப்பா தேதி கிழிக்க மட்டுமே தொட்டிருக்கிறார். கார் வாங்க ஆள் வர ஆரம்பித்ததும் மனுஷர் பஞ்சாங்கத்தில் பண்டிதராகிவிட்டார்.

முதலில் வந்தவர் ஆடி மாதத்தில் வந்தார். ஆடியில் வண்டியைக் கைமாற்றினால் வாங்குகிறவருக்கு ஆகாது என்று அப்பா அவருக்காகவே கவலைப்பட்டு அனுப்பி வைத்தார். அடுத்தவர் செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றார். செவ்வாயன்று பொருள் வெளியே போகக் கூடாது. அப்படியானால் வெள்ளி?

"வெள்ளிக்கிழமை வண்டியக் கொடுக்கறது லட்சுமிய வெளியே அனுப்பற மாதிரி" என்றார் அப்பா.

"நம்ம வீட்டுக்கு லட்சுமி எப்பங்க வந்தா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆண்டவருடைய நாள், வியாபாரம் கூடாது. நவம்பர் முழுவதும் இறந்த ஆத்துமாக்களின் மாதம். மார்கழி வந்ததும் மறுபடியும் மளிகைக் கடைக் காலண்டருக்குத் தாவினார். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் தாண்டி மூச்சு விடுவதற்குள் சாம்பல் புதன் வந்து தவக்காலம் தொடங்கிவிட்டது. இரண்டு மதமும் சேர்ந்துகொண்டால் வருஷத்தில் ஒரு பழைய காரை விற்பதற்கு ஒரு நாள்கூடக் கிடைக்காது என்பதை அந்த வருஷம்தான் கற்றுக்கொண்டேன்.

"நீங்க வாத்தியாரா ஜோசியரா?" என்று ஒருநாள் கத்தினேன்.

"ஏன் பாப்பா கோவப்படற? நல்ல காரியத்தை நல்ல நாள்ல செய்யலாம்னுதானே சொல்றேன்" என்றார், பூனைக்குட்டி மாதிரி.

அம்மாதான் முடிவுக்குக் கொண்டுவந்தாள். பொதுவாக அவள் என் பக்கம். ஆனால் தவக்காலத்தில் மாலைச் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போக ஆட்டோ கிடைக்காமல் நொண்டி நொண்டி நடந்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை, செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்: "முதல்ல வண்டியச் சரி பண்ணு. ஒரு டிரைவர வெச்சிக் கோயிலுக்காவது போய்ட்டு வரேன். விக்கறத அப்புறம் பாக்கலாம்." முழங்காலோடு வாதாட முடியாது. மெக்கானிக் வண்டியை இழுத்துக்கொண்டு போனார். புது பேட்டரி, டயர், வயரிங், கதவுக்கு ஒட்டு. மறு வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கூரையைத் தட்டிக் கொடுத்தார். அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்து, நாளைக்கே ஒரு டிரைவரைப் பிடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எழுந்தபோது அப்பாவும் இல்லை, வாசலில் காரும் இல்லை.

அம்மா ஜெபமாலையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஃபோன் போட்டேன். ஃபோன் அலமாரியில் மணியடித்தது. தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நைட்டியோடு நடந்தேன். கண்ட கண்ட நினைப்பெல்லாம் வந்தது. அவர்மேல் வந்த கோபத்தில், வரட்டும், வந்தால் பேசவே போவதில்லை என்று சபதம் போட்டேன். முழுசாக வந்து சேரட்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று அதே மூச்சில் மாதாவிடம் கெஞ்சவும் செய்தேன்.

அவர் நடந்து வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பை நிறைய சங்கரா மீன், மேலெல்லாம் மணல்.

அம்மா காபி கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு அவராகவே சொன்னார். "வண்டி நொச்சிக்குப்பத்துக்கிட்ட நிக்குது. மெக்கானிக்கப் போய் எடுத்துட்டு வரச் சொல்லு."

"நீங்க ஏன் எடுத்துட்டு வரல?"

"மீன் கூடையோட ஒரு அம்மா ரோட்டோரமா நடந்து போய்ட்டிருந்திருக்கு. இடது பக்கம். நான் பாக்கல பாப்பா. சைடு மிரர் கூடையில பட்டு மீனெல்லாம் கீழ கொட்டிடுச்சு. அந்த அம்மாவுக்கு ஒண்ணும் ஆகல." காபி டம்ளரைக் கீழே வைத்தார். "மொதல்ல கன்னாபின்னான்னு திட்டிச்சு. இறங்கிப் போய்ப் பொறுக்கிக் கொடுத்தேன். என் மூஞ்சியப் பாத்துட்டு, ‘வூட்டுக்குப் போ நைனா’ன்னு சொல்லிச்சு. விழுந்த மீன மட்டும் நான் வாங்கிக்கிட்டேன். திரும்பி வந்து சீட்ல உக்காந்தேன். சாவியத் திருப்ப கை வரல."

நான் போட்ட சபதம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து, கால்களில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டேன்.

"ஓட்டறதெல்லாம் மறக்கல" என்றார். "பாக்கத்தான் முடியல."

கொஞ்ச நேரம் கழித்து, கே.கே. நகரில் ஒருவர் வண்டி கேட்டுக்கொண்டிருந்தாரே, அவரைப் பத்தரைக்கு வரச் சொல் என்றார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம், போதாததற்குத் தவக்காலம் என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். கோயிலுக்குப் போக வண்டி வேண்டும் என்று கேட்டதையே அவள் மறந்துவிட்டிருந்தாள்.

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ மீனக் கழுவு" என்றார் அப்பா.

மெக்கானிக் போய் வண்டியை எடுத்து வந்து வாசலில் விட்டார். பத்தரைக்குச் சரியாக வந்து சேர்ந்தவர் சின்ன வயசுக்காரர், வீட்டிலேயே சமைத்துக் கல்யாணங்களுக்கு அனுப்புகிறவர். பாத்திரம் ஏற்ற ஒரு வண்டி வேண்டுமாம். பேரம் என்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அப்பா அவரை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்துவிட்டு வெளியே குனிந்து நின்று சொல்லிக்கொடுத்தார். செகண்ட் கியரை அவசரப்படுத்தக் கூடாது, மழை நாளில் பிரேக்கை முன்னாலேயே தொட வேண்டும், ஏசி போட்டால் மேம்பாலத்தில் மூச்சு வாங்கும். அவர் எல்லாவற்றுக்கும் சரி சார், சரி சார் என்றார்.

"அப்புறம் தம்பி, இடது பக்கம் நல்லாப் பாத்து ஓட்டுங்க."

"ஏன் சார், அந்தப் பக்கத்து மிரர் சரியில்லையா?"

"மிரர்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார் அப்பா.

அம்மா வண்டிக்குள் தொங்கிய ஜெபமாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். எலுமிச்சையும் மிளகாயும் புதுசாகவே கட்டியிருந்ததால் அது வண்டியோடு போகட்டும் என்று விட்டுவிட்டாள். கார் கிளம்பி, முனையில் சிக்னல் போட்டுத் திரும்பி மறைந்தது. வாசலில் கார் இருந்த இடத்தில் பூனை வந்து நின்று மேலே பார்த்தது. ஏழெட்டு மாசமாக விற்க வேண்டும் விற்க வேண்டும் என்று குதித்தவள் நான். எனக்குத்தான் முதலில் அழுகை வந்தது. சத்தம் வராமல் துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

அப்பா தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"பாப்பா எங்க போனா?" என்று கேட்டார்.

நான் அவருடைய இடது பக்கத்தில்தான், தோளுக்குத் தோள் நின்றிருந்தேன். "இங்கதான்ப்பா இருக்கேன்" என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.