மூன்று முறை திறந்த ஹோட்டல்

அந்த ஹோட்டலை மூன்று முறை திறந்தார்கள். மூன்று முறையும் நாங்கள் அதற்குள்ளேதான் குடியிருந்தோம்.

எழுபதுகளில் நாங்கள் சிட்னிக்கு வந்தபோது, அப்பா யாழ்ப்பாணத்தில் எஞ்சினியராக இருந்ததை அங்கே ஒருவரும் பொருட்படுத்தவில்லை. கிங்ஸ் கிராஸ் பக்கம் பாதி கட்டி முடிந்த ஆறு மாடி ஹோட்டல் ஒன்றில் மின்வேலைகளுக்கு ஆள் தேடினார்கள். தங்க அறையும் தருவார்களாம். அப்பா கேள்வி எதுவும் கேட்காமல் சேர்ந்துவிட்டார். ஹோட்டலில் போட்டிருந்த பணம் யாருடையது என்பதும் அவர் கேட்காத கேள்விகளில் ஒன்று.

முதல் திறப்பு விழாவில் தண்ணீர்க்குழாய் வெடித்து, வரவேற்புக் கூடத்தின் சிவப்புக் கம்பளம் தெப்பமாக நனைந்தது. இரண்டாவது விழாவின் நடுவில் முதலாளி மாறிவிட்டார் என்று அறிவித்தார்கள். பழைய முதலாளி எங்கே போனார் என்று யாரும் சொல்லவுமில்லை, கேட்கவுமில்லை. இடையிடையே எங்கள் அறையையும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒன்றில் கதவு இல்லை. இன்னொன்றில் சுடுதண்ணீர் இல்லை. சமைக்கக் குசினி எதிலுமே இல்லை. அம்மா குளியலறையில் மின்னடுப்பு வைத்து மீன்குழம்பு காய்ச்சினார்.

"உங்கட ஹோட்டல் ஒழுங்காத் திறக்கிறதுக்கிடையில இவளுக்குக் கலியாண வயது வந்திடும்," என்று அப்பாவிடம் எரிந்து விழுவார். எனக்கு அப்போது எட்டு வயது.

மூன்றாவது விழா நெருங்கியபோது லிஃப்ட் அப்பாவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் மாடிக்கு வந்தால் நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து, முதலாளியின் கூட்டாளி ஒருவர் அப்பாவைக் கூப்பிட்டார். சாம்பல் நிற சூட், மெல்லிய குரல். லிஃப்ட் கிடக்கட்டும், வரவேற்பு மேசைக்கு அடியில் ஒரு பொத்தான் வேண்டும், அதை அமுக்கினால் ஆறாம் மாடியில் மணி அடிக்க வேண்டும் என்றார். ஆறாம் மாடிக்கு என்னை விடுவதில்லை. பச்சைத்துணி ஒட்டிய மேசைகளை அங்கே தூக்கிப் போனதை மட்டும் பார்த்திருந்தேன். அவை சூதாட்ட மேசைகள் என்பதோ, சூதாட்டம் சட்டவிரோதம் என்பதோ எனக்குத் தெரியாது.

"லிஃப்ட் ஓடாது, தண்ணி வராது. இவங்களுக்கு மணிதான் அவசரம்," என்று புறுபுறுத்தபடியே அப்பா வயர் இழுத்தார். அந்தக் கட்டடத்தில் முதல் தடவையே வேலை செய்த ஒரே பொருள் அந்த மணிதான்.

விழாவன்று பிற்பகல், விருந்தாளிகளோடு விருந்தாளிகளாகப் பொலிஸ்காரர்களும் நுழைந்தார்கள். மணி அடித்தது. மேலே இருந்தவர்கள் லிஃப்டுக்குள் பாய்ந்தார்கள். அது வழக்கம்போல இரண்டாம் மாடியில் நின்றுகொண்டது.

கதவைத் திறக்கச் சொல்லிப் பொலிஸ் அதிகாரி அப்பாவைப் பிடித்துக்கொண்டார். அப்பா திருப்புளியோடு போனார். நானும் பின்னால் போனேன். கதவிடுக்கு வழியாகச் சாம்பல் சூட்காரரின் குரல் வந்தது. அவசரமில்லை, ஆறுதலாகச் செய்யலாம் என்று இங்கிலீஷில் சொன்னார். அப்பா திருப்புளியைக் கதவிலிருந்து எடுத்துவிட்டார்.

அதற்குள் அம்மா பெட்டியும் கையுமாகப் படியிறங்கி வந்தார்.

"இன்னும் என்னத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கிறியள்?"

"திறந்தாலும் பிழை, திறக்காட்டியும் பிழையப்பா," என்றார் அப்பா.

"திறந்து விட்டிட்டு வாங்கோ. இனி ஒரு நேரம்கூட இஞ்ச நான் சமைக்கமாட்டன்."

அப்பா திறந்தார். உள்ளே இருந்தவர்கள் வியர்வையோடு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியாக வந்த சாம்பல் சூட்காரர் டையைச் சரிசெய்துகொண்டார். அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் குனிந்து, எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாய் என்று கேட்டார். பள்ளிக்கூடத்தின் பெயர், வகுப்பு, பின்னேரம் எந்த வாசலால் வெளியே வருவேன் என்பதுவரை திருத்தமான இங்கிலீஷில் சொன்னேன். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்த பிடியில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலையே மெல்பேர்னுக்கு பஸ் ஏறினோம். அங்கே ஸ்பிரிங்வேலில் அப்பாவின் நண்பர் வீட்டில் ஒரு அறை. குசினியும் இருந்தது. ஆனாலும் அம்மா சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று, எங்கே படிக்கிறாய் என்று யார் கேட்டாலும் வாய் திறக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஹோட்டலில் இருந்த அத்தனை பேரிலும் என் படிப்பைப் பற்றி அக்கறையாக விசாரித்தவர் அந்த ஒரு மனிதர்தான். அவருக்கு மரியாதையாகப் பதில் சொன்னதற்கா இந்தத் தண்டனை என்று, அந்தப் பள்ளித் தவணை முழுவதும் நான் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.