வரி போடச் சொல்லிப் போன செண்பகம்

செண்பகம் வடபழனியில் ஒரு சினிமா ஸ்டூடியோவுக்குத் துணி தைத்தவள். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சந்துக்குள் அவளும் புருஷன் நல்லசிவமும் மனை வாங்கி, ஓட்டு வீடு ஒன்று கட்டிக்கொண்டார்கள். எழுபத்து மூன்றாம் வருஷம் தண்ணீர்க் குழாய்க்கு மனு போட்டபோது வீட்டு வரி ரசீது கேட்டார்கள். இவர்களுக்கு வரியே வந்ததில்லை.

"வராத வரைக்கும் நல்லதுதானே, சும்மா இரு" என்றார் நல்லசிவம்.

"நாளைக்கு எவனாவது வந்து இது உன் வூடான்னு கேட்டா இன்னாத்தைக் காட்டறது?" அரை நாள் சம்பளம் போனால் போகட்டும் என்று வரி ஆபீசுக்குப் போனாள்.

குமாஸ்தா நிமிரவில்லை. "மதிப்பீட்டுப் புஸ்தகத்தை வரி கட்றவங்கதாம்மா பார்க்கலாம். ரசீது இருக்கா?"

"வரி போடலைன்னுதான் சார் வந்துகீறேன். என் வூடு அதுல கீதா இல்லியான்னு பார்க்காம எப்படித் தெரியும்?"

"அதெல்லாம் முடியாது."

அவள் போகவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு வழி விட்டு ஜன்னலோரம் நின்றாள். அவர் டிபன் பாக்ஸைத் திறந்தபோதும் நின்றாள். மறுநாளும் வந்தாள். எரிச்சல் தாங்காமல் அவர் ஆபீசரிடம் அனுப்பினார். அங்கேயும் அதே கேள்வியைக் கேட்டாள்.

ஆபீசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குமாஸ்தாவைக் கூப்பிட்டார். "வரி போடுங்கன்னு வந்தவங்களை ஏன்யா விரட்டறே? எடுத்துக் காட்டு. யார் வந்து கேட்டாலும் காட்டு."

புஸ்தகத்தில் அந்தச் சந்து முழுக்கக் காலி மனை. பேர், மனையை விற்றுவிட்டுப் போன பழைய சொந்தக்காரருடையது. செண்பகம் நேரே சந்துக்குத் திரும்பினாள்.

சந்தில் சொன்னதும் பக்கத்து வீட்டு வெள்ளைத்துரை சண்டைக்கு வந்தார். "சும்மா இருந்த வரியை எதுக்கு இழுத்து விடறே?"

"உன் வூடே அங்க இல்ல, நைனா. யார் வேணா பார்க்கலாம்னு ஆபீசரே சொல்லிட்டாரு. போய்ப் பாத்துட்டு வந்து பேசு."

அவர் போனார். திரும்பி வந்து, "பத்திரத்தை எடுத்துக்கினு எப்ப போலாம்?" என்று கேட்டார்.

சந்தே சேர்ந்து போனது. ஆபீஸ் ஆள் வந்து அளந்தான், வீடுகளுக்கு நம்பர் விழுந்தது, வரி போட்டார்கள், குழாயும் வந்தது. ஆனால் செண்பகத்தின் வீடும் வெள்ளைத்துரையின் வீடும் ஒரே அளவுதான், அவருக்கு மட்டும் வரி கூடுதல். குதித்துக்கொண்டு செண்பகத்திடம் வந்தார்.

"ரெண்டு வூட்டுக் கணக்கையும் சேர்த்துக் காட்டச் சொல்லிக் கேளு. காட்டித்தான் ஆகணும்" என்றாள்.

அன்றைக்கு அவளுக்கு அவசரத் தையல். அவர் தனியாகவே போய், கேட்டு, தப்பைத் திருத்தி வாங்கிக்கொண்டு வந்தார்.