பாடத்தில் வந்த என் குரல்

என் மருமகள் வீட்டிலிருந்தே இங்கிலீஷ் பாடத்தைப் போனில் பேசிப் பதிவு பண்ணி ஒரு கம்பெனிக்கு அனுப்புகிறாள். எங்கேயோ வெளிநாட்டில் இங்கிலீஷ் கத்துக்கிற பசங்களுக்கு. பீரோவைத் திறந்து, தொங்குகிற புடவைகளுக்கு நடுவில் போனை வைத்துக்கொண்டு பேசுவாள். எதிரொலி வராதாம். ரோட்டில் கன்டெய்னர் லாரிங்க ஹாரன் கொஞ்சம் ஓய்கிற நேரம் பார்த்து ஆரம்பிப்பாள். நான் ஃபேனை நிறுத்திவிட்டு சமையல்கட்டில் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருப்பேன்.

நான் அஞ்சாவதோடு நின்னவள். ஆனால் அவள் பேசுவது அவ்வளவு நிதானம். ஒரு வரி சொல்வாள், பசங்க திருப்பிச் சொல்ல இடம் விடுவாள், மறுபடி அதே வரி. அந்த இடைவெளியில் நானும் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பேன். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்தது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கு விருந்தாளியை உபசரிக்கிற பாடம். உள்ளே வாங்க, உட்காருங்க, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா. நானும் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பிறகு ஒரு கதை. புருஷன் வேறொரு பொம்பளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறான். கட்டினவள் அவளுக்கு மீன் குழம்பு ஊற்றுகிறாள். வந்தவள் முள் இல்லாத துண்டாகக் கேட்கிறாள்.

அது என் கதை.

போன வருஷம் என் மகனோடு சண்டை போட்டுவிட்டு மருமகள் சாப்பிடாமல் படுத்துக் கிடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மனசு ஆறட்டும் என்று, யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன். என் மகனுக்கே தெரியாது. ஹார்பரில் மூட்டை தூக்கிக் குடும்பத்தைக் காப்பாத்தின அப்பா அவனுக்குத் தெய்வம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாருக்கும் சொல்ல மாட்டேன் என்றாள்.

பாடத்தில் புருஷனுக்குக் கட்டைக் குரல், வந்தவளுக்குக் கொஞ்சல் குரல் வைத்திருந்தாள். கட்டினவளுக்கு என் குரல். பாதி வார்த்தையை முழுங்கி, நடுவில் தொண்டையைச் செருமி, அப்படியே நான் பேசுகிற மாதிரி.

அவளிடம் கேட்கத் தைரியம் வரச் சில நாள் ஆச்சு.

"அந்தக் கதைய எதுக்கும்மா பாடத்துல சேத்த?"

"ஐய, உனக்கு எப்டி அத்த புரிஞ்சுது?" அவளுக்கு அதுதான் ஆச்சரியம். அப்புறம், "இன்னா, உன் பேரையா சொன்னேன்? அந்தப் பசங்களுக்கு மெட்ராஸ் எங்க கீதுன்னே தெரியாது. முன்ன அனுப்சது போரடிக்குதுன்னு கம்பெனில திருப்பிட்டாங்க. இது தமாஷா கீதுன்னு ஒடனே எடுத்துக்கினாங்க" என்றாள்.

"தமாஷா?"

"வுடு அத்த. இத்தப் போயி பெரிசு பண்ணிக்கினு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகன் சாப்பிட்டுக்கொண்டே போனில் அந்தப் பாடத்தைப் போட்டான். பெண்டாட்டி குரல் மாற்றிப் பேசுவதில் அவனுக்கு ஒரே பெருமை. புரையேறும் அளவுக்குச் சிரித்தான்.

"யம்மா, இந்தப் பொம்பளையப் பாரேன். புருஷன் இட்டாந்தவளுக்கு சோறு போட்டுக்கினு கீது. சரியான லூசு!"

மருமகள் என் பக்கம் திரும்பவில்லை. தட்டைப் பார்த்தபடி அவளும் சிரித்தாள்.

அந்தப் பொம்பளை வந்த அன்றைக்கு இவன் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறந்திருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் அன்றே தெருதான். அதையும் மருமகளிடம் சொல்லியிருந்தேன். பாடத்தில் அதை மட்டும் விட்டுவிட்டாள்.