கசெற்றில் நடந்த ஐந்தாம் வகுப்பு

பள்ளிக்கூட அதிபர்மாருக்குத் தலைமைத்துவம் படிப்பிக்கும் வேலை என் தலையில் எப்படி வந்து விழுந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. நான் விஞ்ஞான ஆசிரியர். பள்ளிக்கூடத்தில் பழுதாய்க் கிடந்த றேடியோ ஒன்றை ஒருநாள் திருத்தினேன். அதை யாரோ கல்விக் கந்தோரில் அதிகாரிகளிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த மாதமே என்னை முல்லைத்தீவுக் கந்தோருக்கு இழுத்துவிட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கொழும்பிலிருந்து லொறியில் ரேப் ரெக்கோடர்கள் வந்து இறங்கின. பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றோடும் ஆறு இங்கிலீசுப் பாடக் கசெற். எனக்கென்று ஒரு புத்தகமும் வந்தது. கல்வித் தொழில்நுட்பத்தில் அதிபர் எப்படி முன்னின்று வழிநடத்த வேண்டும் என்று நூற்றுச் சொச்சம் பக்கங்களில் எழுதியிருந்தது. அதை மொழிபெயர்த்தவருக்குத் தமிழோடு ஏதோ பழைய கோபம் இருந்திருக்கிறது. ஒரு வசனத்தை வாசித்து முடிக்க மூன்று தரம் மூச்சு எடுக்க வேண்டும்.

அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் கருத்தரங்கு நடத்தினேன். விடியப்புறம் பஸ் ஏறி, புழுதி குடித்து, மண்டபத்துக்கு வந்து சேரும்போதே அதிபர்மாருக்குப் பாதி உயிர் போயிருக்கும். நான் வாசிக்க வாசிக்க மீதிப் பாதியும் போனது. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றேன். மூன்று கேள்விகள் வந்தன. உடைந்தால் ஆர் பொறுப்பு, பற்றரிக்கு ஆர் பொறுப்பு, எந்த அலுமாரியில் பூட்டி வைக்கிறது. அரசாங்கப் பொருள் ஒன்று பழுதானால் விசாரணைக் கடிதம் அவர்களை ஓய்வூதியம் வரைக்கும் துரத்தும். அதனால் அவர்களைக் குறை சொல்ல ஏலாது என்று இப்போது சொல்லுகிறேன். அப்போது நிறையச் சொன்னேன்.

நாலாவதாய் ஒரு கேள்வி பின்வரிசையிலிருந்து வந்தது. கரையிலிருந்து உள்ளே தள்ளி, காட்டோரக் குடியேற்றத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தை நடத்திக்கொண்டிருந்த அம்மா அவர். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கர். நாற்பத்தைந்து வயது இருக்கும். மூன்று நாளும் ஒரு கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தார்.

"சேர், இதில என்ர குரலைப் பதியலாமோ?"

"அது தேவையில்லை ரீச்சர். பதிஞ்ச பாடம் தந்திருக்கிறம்தானே" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாய்ப் போய் மெசினைப் பார்வையிடுவது என் வேலை. கந்தோர் மோட்டார் சைக்கிள் என்னைவிடக் களைத்தது. போன இடமெல்லாம் ஒரே காட்சிதான். அதிபர் திறப்புக் கோர்வையைத் தேடுவார், அலுமாரியைத் திறப்பார், பொலித்தீன் உறையைக் கழற்றுவார். மெசின் வந்த நாளில் இருந்த மாதிரியே பளபளக்கும். ஒரு பள்ளிக்கூடத்தில் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். "வாணி விழாவுக்கு மட்டும் எடுக்கிறனாங்கள்" என்றார் அந்த அதிபர், பெருமையோடு. இன்னொருவர் தன் வீட்டுக் கதிரையில், மனைவி பின்னிய துணி போர்த்து வைத்திருந்தார். என்னிடம் இருந்த படிவத்தில் நல்ல நிலை, பழுது என்று இரண்டே இரண்டு கட்டங்கள். பாவிக்கப்படுகிறதா என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை. எல்லாருக்கும் நல்ல நிலை என்று சரி போட்டுக்கொண்டு வந்தேன். அலுத்துப்போனவனுக்கு அது வசதியான படிவம்.

அந்த அம்மாவின் பள்ளிக்கூடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை. வழியில் சில்லுக் காற்றுப் போய், இரண்டு மைல் மோட்டார் சைக்கிளை உருட்டி, ஒட்டவைத்து, பிறகு ஓடி, பத்தரை மணிக்குப் போனேன். தமிழருக்கு எதிராய் நடந்த எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்த சனம் காடு வெட்டிக் குடியிருந்த இடம் அது. பள்ளிக்கூடம் என்பது ஒரு கிடுகுக் கொட்டில். வாசலில் ஒரு சுளகில் தேய்ந்த பற்றரிகளை வரிசையாய் வெயிலில் காயப் போட்டிருந்தது. காய்ந்தால் இன்னும் இரண்டு நாளைக்கு இழுக்கும்.

கொட்டிலுக்கு வெளியே பாலை மர நிழலில் ஒன்பது பெரிய பிள்ளைகள் வட்டமாய் இருந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். ரீச்சரின் குரல் கேட்டது. ஆளைக் காணவில்லை. நான் மரத்தைச் சுற்றிப் பார்த்தேன். நடுவில் சாக்குக்கு மேல் அந்த ரேப் ரெக்கோடர் இருந்தது. ரீச்சர் கொட்டிலுக்குள் சின்ன வகுப்புகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் முதலில் கேட்டது இங்கிலீசுக் கசெற்றைத்தான். அடுத்த கிழமை கொழும்பிலிருந்து ஒரு குழு வருகிறது, இங்கிலீசுப் பாடம் எப்படி நடக்கிறது என்று பார்க்க. எங்கள் பெரியவர், அதாவது கந்தோரின் தலைமை அதிகாரி, அதே நினைப்பில் ஒரு மாதமாய் நித்திரை இல்லாமல் இருந்தார். ரீச்சர் ஆறு கசெற்றையும் கொண்டுவந்து தந்தார். மேலே பதியக்கூடாது என்று கசெற்றின் முதுகில் உடைத்துவிட்டிருந்த இரண்டு ஓட்டையையும் கடதாசி மடித்து அடைத்திருந்தது. ஆறிலும் இங்கிலீசு இல்லை. ஆறிலும் அவரே இருந்தார்.

"ரீச்சர், இது அரசாங்கப் பொருள். அழிச்சுப்போட்டியளே."

"ஓம் சேர், அழிச்சனான்தான். மற்ற ரீச்சர் மாற்றம் எடுத்துக்கொண்டு போய் எட்டு மாசம். பதிலுக்கு ஆள் வரேல்லை. அஞ்சு வகுப்புக்கும் நான் ஒராள். கந்தோரில கேட்டனான், ஆளில்லாட்டி நாலாம் அஞ்சாம் வகுப்பை மூடுங்கோ எண்டினம். மூடினா இந்தப் பிள்ளையள் ஆறு மைல் காட்டுப் பாதையால அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போகவேணும். யானை நிக்கிற பாதை. ஒருத்தரும் அனுப்பமாட்டினம். மிளகாய்த் தோட்டத்துக்குத்தான் போகுங்கள்."

"அதுக்கு அரசாங்கக் கசெற்றோ?"

"புதுக் கசெற் கேட்டு ரெண்டு கடிதம் போட்டனான் சேர். கசெற்றில வாற அந்த இங்கிலீசுப் பொம்பிளை தன்ர நாட்டில மழை பெய்யுதெண்டு சொல்லிக்கொண்டிருக்கிறா. எனக்கு இப்ப வகுத்தல் படிப்பிக்க ஒராள் வேணும்."

நியாயம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் வெயில், காற்றுப் போன சில்லு, பெரியவரின் முகம் எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்துகொண்டன. இன்னொருவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிற சக்தி அன்றைக்கு என்னிடம் இருக்கவில்லை. களைப்பை ஒரு சாட்டாகச் சொல்லுகிறேன் என்று தெரியும். வேறு சாட்டு என்னிடம் இல்லை. மெசினையும் கசெற்றுகளையும் எடுத்துக்கொண்டு போய் விசாரித்துவிட்டுத் தருகிறேன் என்றேன்.

வேலி ஓரத்தில் நின்ற ஒரு தகப்பன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "ஐயா, அந்தப் பொட்டிய விட்டுட்டுப் போங்கய்யா. எங்க புள்ளைங்க இப்பதான் கணக்குப் போடுதுங்க" என்றார். அவரிடம் நான் சட்டம் பேசினேன். அதை நினைக்க இப்போதும் வெட்கமாய் இருக்கிறது.

ரீச்சர் புழுதி உள்ளே போகாமல் மெசினை ஒரு துவாயால் சுற்றி, கயிறு கொண்டுவந்து, கரியரில் தானே இறுக்கிக் கட்டினார்.

"எப்ப திருப்பித் தருவியள்?"

"ஒரு கிழமையில."

அன்றைக்குப் பின்னேரமே அறிக்கை எழுதிக் கொடுத்தேன். பெரியவர் அதை வாசித்த மாதிரித் தெரியவில்லை. பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் மெசின் பழுதாய்க் கிடந்தது. குழு வரும்போது அங்கே ஒன்று வேண்டும் என்று, நான் கொண்டுவந்ததை அனுப்பிவிட்டார். குழு வந்தது. அலுமாரிகள் திறந்தன. பிள்ளைகள் கசெற்றுக்குப் பின்னால் இங்கிலீசு சொன்னார்கள். எங்கள் மாவட்டத்து அதிபர்மார் நன்றாகப் பயிற்றப்பட்டிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் கிடைத்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினேன்.

பிறகு ஒருநாள் மத்தியானம், அந்த ஆறு கசெற்றில் எங்கேயாவது இங்கிலீசு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கக் கந்தோரில் போட்டுப் பார்த்தேன். முதலில் சேவல் கூவிய சத்தம். பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்னமே வீட்டில் இருந்து பதிந்திருக்கிறார். நாற்பத்தெட்டு மிளகாய்ச் சாக்கை ஆறு வண்டியில் ஏற்றுகிற கணக்கு. ஒரு வண்டிக்கு எத்தனை என்று கேட்டுவிட்டு, "இப்ப எழுதுங்கோ" என்று நிறுத்தினார். நான் கசெற் இறுகிவிட்டது என்று நினைத்துக் குனிந்தேன். இறுகவில்லை. பிள்ளை எழுதி முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பது மெல்லக் கேட்டது. பிறகு மறுமொழி. பிறகு, "பிழை விட்டவை வெட்டாதேங்கோ, கீழ திருப்பிச் செய்யுங்கோ. நான் வந்து பாப்பன்." நாலாவது கணக்கின் நடுவில், "பின்னுக்கு இருக்கிறவர், வெளியில பாக்காமல் கொப்பியைப் பாருங்கோ" என்றார். எந்தக் கணக்கில் எந்தப் பிள்ளை பராக்குப் பார்க்கும் என்று பதியும்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

என்னுடைய புத்தகத்தில் நூற்றுச் சொச்சம் பக்கமும் எதைச் சொல்லத் தவித்ததோ, அது ஒரு கசெற்றுக்குள் இருந்தது. நான் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கவேயில்லை.

உடனே பெரியவரிடம் போய் மெசினைத் திருப்பிக் கேட்டேன். "அது இப்ப மற்றப் பள்ளிக்கூடத்து இருப்புப் புத்தகத்தில ஏறிற்றுது. அடுத்த தடவை வரேக்க பாப்பம்" என்றார். எழுதிக் கேட்டேன். ஞாபகமூட்டி எழுதினேன். கடிதம் மேசை மாறி மேசை போய் என் மேசைக்கே திரும்பி வந்தது. ஒரு கிழமை என்று சொன்னது நாலு மாதமாகிவிட்டது. கடைசியில் என் வீட்டு ரேப் ரெக்கோடரைத் தூக்கினேன். மனைவியின் தமையன் சவூதியிலிருந்து கொண்டுவந்தது. மனைவி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஆறு கசெற்றையும் பையில் போட்டு, புதிதாய்ப் பற்றரியும் வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். இந்த முறை அந்தப் பாதை எனக்கு நீளமாய்த் தெரியவில்லை.

பாலை மரத்தடியில் ஒருவரும் இல்லை. கொட்டிலுக்குள் மூன்று வகுப்பு மட்டும் இருந்தது. ரீச்சர் என்னைக் கண்டதும் எழும்பி வந்து கதிரை போட்டார். பெரிய பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். மேசை லாச்சியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துத் தந்தார். கந்தோர்க் கடிதம்தான். நாலாம், ஐந்தாம் வகுப்புகளை மூடச் சொல்லி வந்திருந்தது. காரணமாக என் அறிக்கையிலிருந்து ஒரு வசனத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். "பார்வையிட்ட நேரம் மேல் வகுப்புகளில் ஆசிரியர் எவரும் இருக்கவில்லை" என்றது அந்த வசனம்.

அதை எழுதிய ஞாபகம்கூட எனக்கு இல்லை. கசெற் அழிந்ததைப் பற்றி எழுதுகிற அவசரத்தில் ஒரு பக்கக் குறிப்பாய்ப் போட்டிருக்கிறேன். வாசிக்காத பெரியவர் அந்த ஒரு வரியை மட்டும் வாசித்திருக்கிறார்.

"நீங்கள் பொய் எழுதேல்லை சேர். அந்த நேரம் நான் அங்கை நிக்கேல்லைத்தானே" என்றார் ரீச்சர். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாய் இருந்திருக்கும்.

நான் கொண்டுவந்த மெசினைக் காட்டினேன். அவர் அதைத் தொட்டும் பார்க்கவில்லை.

"மூண்டு வகுப்பை நானே சமாளிப்பன். இது இனி எனக்கு என்னத்துக்கு? ஒராள் மட்டும் இருக்கிற பள்ளிக்கூடம் வேற இருந்தா அங்கை குடுங்கோ. எப்பிடிப் பதியிறதெண்டு கேட்டா நான் வந்து சொல்லிக் குடுக்கிறன்."

திருப்பி அறிக்கை எழுதுகிறேன், வகுப்பைத் திறக்கச் சொல்லுகிறேன் என்றேன். "எழுதுங்கோ" என்றார். "ஆனா அந்தப் பிள்ளையள் இப்ப கூலிக்குப் பழகிற்றுதுகள் சேர். பிந்திப் பள்ளிக்கூடம் வந்த ரெண்டு பெரிய பெட்டையளுக்கு வீட்டில கலியாணக் கதையும் நடக்குது." உள்ளே சின்னப் பிள்ளைகள் சத்தம் போடத் தொடங்க, அவர் எழும்பிப் போனார்.

எழுதினேன். பதில் வரவில்லை. அதற்குப் பிறகும் ஆறு வருடம், சண்டை வந்து பாதைகள் அடைபடும் வரைக்கும், அதிபர்மாருக்குத் தலைமைத்துவம் படிப்பித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருவரும் கேள்வி கேட்காத ஒவ்வொரு கருத்தரங்கிலும் அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வாய் வரும். சொன்னால், அவரின் அந்த வகுப்புக்கு என்ன நடந்தது என்று யாராவது கேட்பார்கள் என்ற பயத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.