அம்மா சொல்லாத பெயர்

எங்கள் தெருவில் எங்கள் வீட்டுக்குத் 'தராசுக்காரர் வீடு' என்று பெயர். அப்பா திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் எடை போடுகிறவர். பக்கத்து வீடு 'மணியடிக்கிறவர் வீடு'. மாதா கோயிலில் மணியடித்தவர் போய்ச் சேர்ந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது, பேரன் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தான். ஆனாலும் அது மணியடிக்கிறவர் வீடுதான். "தொழில விட்டாலும் பட்டப்பேரு விடாது" என்பார் அப்பா. மற்ற ஊர்க்காரர்கள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் குடும்பப் பெயர்களில் பாதியாவது இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். நம் பக்கத்தில் அது வாசலோடு நின்றுவிட்டது. ஆளோடு கூட வந்தது அப்பன் பெயரின் முதல் எழுத்து மட்டும்தான்.

அந்த ஒற்றை எழுத்து போதாமல் போனது தொண்ணூறுகளின் நடுவில். அக்கா நர்சிங் முடித்து வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகவிருந்தாள். நான் பத்தாவதோடு நின்றவன். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த தைரியத்தில் பாஸ்போர்ட் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"தராசுன்னு போடுலே. கேக்க நல்லாத்தான இருக்கு" என்றார் தாய்மாமா.

"ஆமா, அங்க போனதும் என்னையும் வெங்காயம் நிறுக்க விட்ருவாக" என்றாள் அக்கா.

கடைசியில் அப்பா பெயரையே முழுசாக எழுதினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஒத்த எழுத்தாக் கெடந்தவன முழு ஆளா ஆக்கிட்டியே அப்பு!"

பக்கத்தில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்த அம்மா சிரித்தாள், வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெயரை அவள் சொல்லிக் கேட்டவர் யாருமில்லை. புருசன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்பி வளர்ந்தவள். நாங்கள் வேதக்காரர்கள்தான், ஞானஸ்நானத் தண்ணீர் எதையெதையோ கழுவியது, இதை மட்டும் கழுவவில்லை. ரேஷன் கடையில் பெயர் கேட்டால் பேசாமல் கார்டை நீட்டுவாள்.

அக்கா போன மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் அப்பா பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டாள். அம்மா பதறிப்போனாள்.

"யாருடி அது, அவரப் பேரு சொல்லிக் கூப்புடுறது?"

"அப்பாவ இல்லம்மா, என்னயத்தான். இங்க பின்னாடி இருக்க பேரச் சொல்லித்தான் கூப்புடுவாங்க. ஒரு நாளைக்கு அம்பது தடவயாவது கேக்குது."

அதைக் கேட்டு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "வீட்டுல ஒருத்தி சொல்லாத குறைக்குச் சேத்து வச்சுக் கூப்புடுறாகளா?"

ஐந்து வருடம் கழித்து மாரடைப்பில் அப்பா போய்விட்டார். அப்புறமும் அம்மா அந்தப் பெயரைச் சொல்லவில்லை. வருடாந்தரப் பூசைக்குக் கூட ஒரு துண்டுச் சீட்டில் என்னை எழுதச் சொல்லி, சாமியாரிடம் கொடுத்துவிட்டு வருவாள். ஆனால் அக்காவின் போன் வந்தால் மட்டும், பேச்சு முடிந்த பிறகும் கீழே வைக்க மாட்டாள். "செத்த நேரம் வையாம இருடி" என்று சொல்லிவிட்டு ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்பாள். எதற்கு நிற்கிறாள் என்று எனக்குப் புரியவே ஒரு வருடம் ஆயிற்று. அந்தப் பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டுவிட்டால் அவள் முகம் தெளிந்துவிடும்.

அக்காவுக்குத் தாமதமாகத்தான் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஒட்டன்சத்திரத்துக்காரர், வாத்தியார், அதிர்ந்து பேசாதவர். கல்யாணம் முடிந்த வாரமே, அக்கா வேலைக்குத் திரும்பும் முன், பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதே கட்டத்துக்கு வந்ததும் என் பேனா மறுபடியும் நின்றது.

"எம் பேரப் போட்றலாமுங்க மச்சான். எங்கம்மா ஆசப்படுறாங்க. அதுதானுங்களே முறை?" என்றார் மாப்பிள்ளை.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். வாழ்க்கைப்பட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. மறுத்துப் பேச முடியாது. நான் அம்மாவைப் பார்த்தேன். இந்தப் பெயர் மாறினால், அதன் பிறகு போனில் அவள் காத்து நின்று பயனில்லை. மாப்பிள்ளையும் அம்மா பக்கம் திரும்பினார்.

"நீங்க என்னங்கத்தை சொல்றீங்க?"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, எங்கள் எல்லார் முன்னாலும், அப்பாவின் பெயரை முழுசாகச் சொன்னாள். "அது அப்புடியே இருக்கட்டும் மாப்ள."

அக்கா அழுதேவிட்டாள். நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னலே அப்புடிப் பாக்குற? இனிமே நான் சொல்லியா அவரு ஆயுசு குறையப்போகுது?" என்றாள் அம்மா.

மாப்பிள்ளை படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். "அப்புடியே எழுதுங்க மச்சான். எங்கம்மாகிட்ட நாஞ் சொல்லிக்கறேன்" என்றார்.

எழுத்துக் கூட்டி எழுதினேன். அம்மா இன்னொரு தடவை சொன்னாள், சரிபார்க்கிற மாதிரி.