கிழிக்காமல் விட்ட பேனர்கள்

நெட்டப்பாக்கம் பக்கத்துக் கரும்புக் கொல்லையை விட்டு வந்து ஒரு மணி நேரம் நடந்திருப்பேன். காலை ஏழு மணி வெயில். தோளில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் ஒரு கைலி, ஒரு சட்டை, ஒரு கத்தி. எட்டு நாள் சோகை உரித்திருந்தேன். கரும்பில் காய்ந்து தொங்கும் இலையைக் கையால் இழுத்து உரித்துப் போடுகிற வேலை அது. முகத்திலும் முன்கையிலும் கோடு கோடாகக் கிழித்துவிடும், வேர்வை பட்டால் எரியும். அதற்காக விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்ல முடியாது. யாரும் துரத்தவும் இல்லை. ஒரே இடத்தில் எட்டு நாளுக்கு மேல் விடிந்தால் எனக்குக் கால் நிற்காது, அவ்வளவுதான். எட்டாம் வகுப்பிலிருந்தும் அப்படித்தான் ஒரு காலையில் எழுந்து வந்தேன்.

முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டது. எங்கே போகிறோம் என்று முடிவு செய்யாமல் வடக்கே நடந்துகொண்டிருந்தேன். விழுப்புரம் ரோடு வந்துவிட்டால் ஏதாவது கிடைக்கும்.

சவுக்குக் கொம்பு ஏற்றிய ஒரு குட்டியானை வண்டி என்னைத் தாண்டிப் போனது. பள்ளத்தில் இறங்கி ஏறியதில் பின்னாலிருந்து ஒரு கொம்பு நழுவி என் காலடியில் வந்து விழுந்தது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சத்தம் போட்டேன். வண்டி நின்றது. ஓட்டிக்கொண்டிருந்தவர் இறங்கி வந்தார். நாற்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு சினிமா நடிகரின் படம் போட்ட பேட்ஜ்.

"இன்னாபா, மூஞ்செல்லாம் பூனை கீறினாப்ல கீது?"

"கரும்புண்ணா."

"இன்னிக்குப் பூனைக்கும் நாய்க்கும்தான் விழா. ஏறு. பேனர் கட்டத் தெரியுமா?"

"கட்சிக்காரங்களுக்கு நெறைய கட்டியிருக்கேன்."

"அப்ப அவுக்கவும் தெரிஞ்சிருக்கும். ஏறு ஏறு."

வண்டியில் போகும்போது விஷயத்தைச் சொன்னார். அவர் அந்த நடிகரின் ரசிகர் மன்றத்தில் இந்தப் பக்கத்துக் கிளைகளுக்கெல்லாம் செயலாளர். ரசிகர்கள் நடிகரை அண்ணன் என்றுதான் சொல்வார்கள். அந்த வருடம் பிறந்த நாளுக்கு அண்ணன் தன் வீட்டு நாயை மடியில் வைத்துக்கொண்டு ஒரு படம் வெளியிட்டிருந்தார். அதைப் பார்த்த செயலாளர், வருடா வருடம் நடத்தும் ரசிகர் மாநாட்டை இந்த முறை நாய்களுக்காக நடத்திவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்.

"அரியூருக்கு உள்ளாற ஒரு அக்கா கீது. மாட்டாஸ்பத்திரில வேல பாத்து ரிட்டையர் ஆனது. அடிபட்ட நாயி, கண்ணு போன பூனை, அல்லாத்தையும் தூக்கிக்கினு வந்து வச்சிக்கும். மேல கூரை கெடையாது. ஐப்பசி மழைக்குள்ள தகரம் போட்டுக் குடுக்கறம். அதுக்குத்தான் எல்லாக் கிளைக்கும் மெசேஜ் போட்டன்."

செல்போனை எடுத்துக் காட்டினார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'வாயில்லா ஜீவன்களுக்கு நலத்திட்ட உதவி. கிளைகள் திரண்டு வருக.'

அதில் தகரம் என்ற சொல் இல்லை. எனக்கென்ன வந்தது என்று செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அரியூருக்கும் மதகடிப்பட்டுக்கும் நடுவில் ரோட்டோரம் ஒரு கல்யாண மண்டபம். அதன் எதிரில் பதினைந்து பேனர் கட்ட வேண்டும், கிளைக்கு ஒன்று. எல்லாவற்றிலும் அண்ணன் நாயை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். அவருக்குக் கீழே கிளை நிர்வாகிகள் ஐம்பது பேரின் தலை, தபால் தலை அளவில். பாகூர்க் கிளையின் பேனர்தான் பெரியது, இரண்டு மாடி உயரம். அதை வாசலுக்குப் பக்கத்தில் கட்டாவிட்டால் அவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்று செயலாளர் இரண்டு முறை எச்சரித்தார். நாலு இட்லி வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு ஆரம்பித்தேன்.

பேனரைச் சட்டத்தில் கட்டியதும் கத்தியால் அங்கங்கே அரை வட்டமாகக் கீறிவிட வேண்டும். காற்று அந்த ஓட்டைகள் வழியே போய்விடும். கீறாத பேனர் பாய்மரம் மாதிரி உப்பி, கொம்போடு பிடுங்கிக்கொண்டு போகும். நாலு பேனரைக் கீறி முடித்து ஐந்தாவதில் கத்தியை வைத்தபோது பின்னால் ஒரு மொபெட் வந்து நின்றது. அறுபது வயதுப் பெண். கால் வைக்கும் இடத்தில் மூன்று கால் நாய் ஒன்று உட்கார்ந்திருந்தது. கேட்காமலே தெரிந்தது, இவர்தான் செயலாளர் சொன்ன அக்கா.

"ஏம்பா, புதுசுதான இது? இன்னாத்துக்குக் கிழிக்கிற?"

"காத்து போவறதுக்குக்கா. இல்லன்னா புடுங்கிக்கும்."

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பேனரின் ஓரத்தைக் குழித்து அதில் ஊற்றினார். அடியில் கையை வைத்துக் காத்திருந்தார். கை நனையவில்லை.

"இன்னும் எத்தினி கிழிக்காம கீது?"

"பதினொண்ணு."

"அதயெல்லாம் கிழிக்காத."

"செயலாளர் உங்களுக்குத் தகரம் தர்றதா சொன்னாரேக்கா."

"சொன்னாரு. வந்தா சந்தோசம்." நாயின் தலையில் கையை வைத்துக்கொண்டார். "போன ஐப்பசில கீத்து பிச்சிக்கினு பூட்ச்சு. ஒரே மழைல ஆறு குட்டி வெறச்சுப் போச்சு. இப்ப முப்பது உருப்படி கீது, பாதி எழுந்து ஓட முடியாதது. இன்னும் பத்து நாள்ல மழ புடிச்சிக்கும். தகரம் வரலன்னா இதுங்களுக்கு மேல போட எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அதான் கேக்கறேன்."

கத்தியை மடக்கிப் பையில் போட்டேன். கீறாத பதினொன்றுக்கும் கயிற்றை இரட்டையாகக் கட்டினேன், கொம்பை இன்னும் ஒரு முழம் ஆழமாக நட்டேன். இருந்தாலும் போதாது என்று தெரியும். செயலாளரிடம் சொல்லவில்லை.

மத்தியானம் மாநாடு தொடங்கியது. வழக்கமாகப் பத்தாயிரம் வாலா கொளுத்துவார்கள். அக்கா போய் மைக்கைப் பிடித்து, "வெடி போட்டா எம் புள்ள மூத்திரம் போயிடும்பா" என்று சொன்னதால் வெடியை வண்டியிலேயே வைத்துவிட்டு விசில் அடித்தார்கள். மூன்று கால் நாய் அதற்கும் மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதை இழுத்து வந்து பொன்னாடை போர்த்தினார்கள்.

பிறகு கிளை கிளையாக மேடை ஏறினார்கள். செயலாளர் மைக்கில் கிளையின் பெயரைச் சொல்லச் சொல்ல, நான் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாகூர்க் கிளை, சேலைகள். நெட்டப்பாக்கம் கிளை, பள்ளி நோட்டுப் புத்தகங்கள். இன்னொரு கிளை, எவர்சில்வர் குடம். மதகடிப்பட்டுக் கிளை, தையல் மெஷின். ஒரு கிளை மட்டும் ஒரு மூட்டை அரிசி. நலத்திட்ட உதவி என்றால் அவர்களுக்கு அதுதான். வருடா வருடம் அதைத்தான் கொடுத்தார்கள், யாருக்கு என்பது மட்டும் மாறும். அவர்கள் கஞ்சர்கள் இல்லை. கைக்காசைப் போட்டு வாங்கி வந்திருந்தார்கள், படம் எடுக்கும்போது முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது. அக்கா ஒவ்வொன்றையும் கும்பிட்டு வாங்கிக் கீழே வைத்தார்.

"யக்கா, மெஷினு ஜாக்கிரத. நாய்க்கெல்லாம் ஜாக்கெட்டு தைக்கணும்" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

"உனக்கும் ஒண்ணு தச்சுத் தரேன், அளவு குடுத்துட்டுப் போ" என்றார் அக்கா. சிரிப்பு அடங்க நேரமானது.

செயலாளர் சிரிக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். "ஒருத்தனும் தகரம் எடுத்தாரலபா" என்றார். தன் மெசேஜைத் திறந்து மறுபடி படித்துப் பார்த்துக்கொண்டார்.

நாலு மணிக்கு மேற்கே கறுத்தது. மழை வரவில்லை, காற்று மட்டும் வந்தது. வெளியே தடாலென்று சத்தம். நினைத்தது நடந்துவிட்டது. பாகூர்க் கிளையின் பேனர் கொம்பைப் பிடுங்கிக்கொண்டு, நிறுத்தி வைத்திருந்த பைக்குகள் மேல் விழுந்திருந்தது. அடி யாருக்கும் இல்லை, மூன்று கண்ணாடி உடைந்தது. எல்லோரும் ஓடினார்கள். ஓடியவர்கள் பேனரின் ஓரத்தில் வந்து அப்படியே நின்றுவிட்டார்கள். அண்ணன் முகத்தின் மேல் கால் வைக்கக் கூடாதே. எட்டுப் பேர் ஓரங்களைப் பிடித்து, தூங்குகிற குழந்தையைப் பாயோடு தூக்குவது போலத் தூக்கி மண்டபத்துக்குள் கொண்டுவந்து விரித்தார்கள்.

பாகூர்க் கிளைத் தலைவர் நல்ல தாட்டியான ஆள். "யார்ரா கட்னது இத?"

"நான்தாண்ணா."

"காத்துக்குக் கீறல் போட்டியா?"

"போடல."

"இன்னாத்துக்கு? வேணும்னே பண்ணியா? பக்கத்துக் கிளைக்காரன் சொல்லிக் குடுத்தானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா வந்துவிட்டார். "நான்தாம்பா கிழிக்காதன்னு சொன்னேன். அந்தப் புள்ளய வையாத." பேனரின் ஓரத்தில் உட்கார்ந்து அதைத் தடவினார். "நீங்க குடுத்ததெல்லாம் நல்ல சாமான். குத்தம் சொல்லல. ஆனா எங்கிட்ட சேலை கட்ற நாயி ஒண்ணும் இல்ல. எனக்குக் கூரைதாம்பா வேணும். இந்தப் பேனருங்கள விழா முடிஞ்சப்புறம் குடுத்துட்டீங்கன்னா, அத மேல போட்டுக்குவேன்."

எல்லோரும் அண்ணன் முகத்தைப் பார்த்தார்கள். கிராமத்தில் பழைய பேனர் இல்லாத கூரை ஏது, வைக்கோல் போர் ஏது? ஆனால் அதெல்லாம் தேர்தல் பேனர். அண்ணன் பேனரை ஒவ்வொரு கிளையும் சுருட்டி யாராவது ஒருவர் வீட்டில் பரண் மேல் வைத்திருக்கும், கிழித்துப் போட யாருக்கும் கை வராது.

"நாய்க் கொட்டா மேலயா?" என்றார் பாகூர்க்காரர். "அண்ணன் மூஞ்சி மேல காக்கா எச்சம் போடும்க்கா."

"இப்ப மட்டும் போடலியா?" என்றான் ஜாக்கெட் பையன்.

"டேய், செருப்பு."

"வெயில்ல ஒரே மாசத்துல வெளுத்துப் பூடும்" என்றார் இன்னொருவர். "அண்ணனா யார்னே தெரியாது."

ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். கூரைக்குப் போடும்போது படம் உள்ள பக்கத்தை மேலே போட மாட்டோம். வெள்ளைப் பக்கம்தான் மேலே. வெயிலை அது திருப்பி அனுப்பிவிடும், கொட்டாயில் சூடு குறையும், சாயமும் போகாது.

"அப்ப மூஞ்சி?" என்றார் பாகூர்க்காரர்.

"உள்ளாற. கீழ பாத்துகினு இருப்பாரு."

அவர் தலையைச் சாய்த்து யோசித்தார். "எச்சம் படாது."

"படாது."

"நாயிங்க படுத்தபடியே பாக்கும்."

"வேற எத பாக்கறது? கூரையத்தான் பாக்கும்."

அவர் குனிந்து பேனரில் இருந்த நாயைப் பார்த்தார், மேஜைக்கு அடியில் பொன்னாடையோடு கிடந்த நாயையும் பார்த்தார். "எங்க பேனர் கொட்டாய்க்கு நடுவுல" என்றார். "ஓரத்துல போட்டா ஒத்துக்க மாட்டோம். கொம்புக்குக் கவலப்படாத, எனக்குச் சவுக்குத் தோப்பு கீது. காலைல அனுப்பறன்."

அதற்குப் பிறகு மற்ற கிளைகள் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்தன. எந்தக் கிளைக்கு எந்த இடம் என்பதில் மட்டும் ஒரு மணி நேரம் சண்டை. இருட்டுவதற்குள் பதினைந்தையும் அவிழ்த்துச் சுருட்டினேன். அவிழ்க்கவும் தெரிந்திருந்தது நல்லதாகப் போயிற்று. சேலைகளை மண்டபத்தில் பாத்திரம் கழுவ வந்த பெண்களுக்கு அக்கா கொடுத்துவிட்டார். தையல் மெஷினைத் தானே வைத்துக்கொண்டார், எதற்கென்று சொல்லவில்லை.

மறுநாள் காலை அவர் இடத்துக்குப் போனேன். கொல்லை நடுவில் நாலு மண் சுவர், மேலே வானம். நாய்கள் குரைத்து முடித்துவிட்டு என் கையில் இருந்த கரும்புக் கீறல்களை நக்கின. பாகூரிலிருந்து கொம்பு வந்து இறங்கியிருந்தது.

"மூணு வேள சோறு. ஆசாரிக்குத் தர்ற கூலி உனக்கும்" என்றார் அக்கா. "எத்தினி நாளு ஆவும்?"

"அஞ்சு நாள். நான் கிழிச்ச நாலும் ஒழுகும். அத அடில போட்டு மேல நல்லதப் போடணும்."

"அஞ்சு நாளு நிப்பியா? ஆளப் பாத்தா அப்படித் தெரியலியே."

"எட்டு நாள் வரைக்கும் நிப்பேன்க்கா."

கடப்பாரையைக் கொடுத்தார். சுவரோரம் குழி தோண்ட ஆரம்பித்தேன். மண் இளக்கமாக இருந்ததால் சீக்கிரம் போயிற்று. மூன்றாவது குழி தோண்டிவிட்டுக் கொம்பை எடுத்து வந்து பார்த்தால், முதல் குழியில் அந்த மூன்று கால் நாய் சுருண்டு படுத்திருந்தது. அதைத் தூக்கி வேறு இடத்தில் விட்டுவிட்டுக் கொம்பை நட்டேன்.