அருணாவின் 'அவங்க'

ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்காகச் சாரதம்மா ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து மகள் அருணாவும் பிதுக்கினாள்.

அருணாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. வந்த வரன்களையெல்லாம் வேண்டாமென்று தட்டிவிட்டவள். ஆனால் சில வருடங்களாக அவள் பேச்சில் ஓர் 'அவங்க' ஓயாமல் வந்துகொண்டிருந்தது. அவங்களுக்கு ஊரு ஆனேக்கல், அவங்களுக்குக் காரம் ஆகாது. கூட வேலை செய்கிற பெண்ணென்றால் 'அவ' என்றிருப்பாள். இத்தனை மரியாதை என்றால் ஆம்பளைதான் என்று சாரதம்மா முடிவுகட்டியிருந்தாள்.

"கன்னடக்காரரா இருந்தாலும் பரவால்ல. அவரை ஒருநா கூட்டியா," என்றாள் இன்று.

அருணாவின் கை நின்றது. "அவரு இல்லம்மா. அவங்க பேரு சௌம்யா. எனக்கு சூப்பர்வைசரா இருந்தப்ப கூப்பிட்ட பழக்கம், மாறல."

"சிநேகிதியா?"

"நீ என்ன நெனச்சியோ அதேதாம்மா. கடைசிவரைக்கும் அவங்க கூடத்தான்."

சாரதம்மா இன்னும் நாலு கொட்டையைப் பிதுக்கிப் போட்டாள். இனி இந்த வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லிவிடுவாளோ என்று அருணா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்கே கூட்டியாரலயே, பொண்டாட்டி புள்ள இருக்கறவனோன்னு இத்தன நாளா பயந்துட்டிருந்தன்டி," என்றாள் அம்மா.

அருணா சிரித்துவிட்டாள். பெருமூச்சு விட்டுவிட்டு அம்மாவும் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"சரி, உங்கப்பங்கிட்ட யாருடி சொல்றது?"

"நீதாம்மா," என்று சொல்லிவிட்டு அருணா போனை எடுத்து, சௌம்யாவைக் கூப்பிட்டுக்கொண்டே வெளியே போய்விட்டாள்.